மாப்பிள்ளை போட்ட ஆன்டிவைரஸ்

செப்டம்பர் 7, ஞாயிறு

கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டுப் பல் விளக்கினேன். குளித்தேன். காபி குடித்தேன். பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம்தான் திரையில் எங்கள் மகள் நித்திலாவின் கல்யாணப் போட்டோ வந்தது. அதிலும் முதலில் மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் வந்தது. முகம் வர இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

இன்றைக்கென்று பார்த்து இப்படி ஆகியிருக்கக் கூடாது. வசந்தாமணிக்கு இன்று சோதனை வகுப்பு. பவானிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என் மனைவி. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளி ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை. ஒரு வாரமாக வீட்டில் அவள் நடையே மாறிவிட்டது. காலையில் பச்சைச் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாக்கை மடிச்சு மேல கொண்டு போங்க கண்ணுகளா... ழ..." என்று வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. அங்கே பிள்ளைகள் எல்லாம் சிரிப்பதும், "டீச்சர் ஸ்டக்" என்று கத்துவதும் நன்றாகக் கேட்டது. சத்தம் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வந்ததுதான் கொடுமை. படம் திரும்பி வருவதற்கு முன்னால் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு அறிவிப்பு வந்தது: உங்கள் கணினி முழுப் பாதுகாப்புடன் உள்ளது.

பள்ளியை நடத்தும் ஹரிணி என்கிற பெண் நல்ல மாதிரி. "விஜயதசமிக்குத்தான் புது வகுப்பு ஆரம்பிக்கிறோம் டீச்சர். அன்னைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றாள்.

மதியம் ரசத்தில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை. மின்வாரியத்தில் காலம் தள்ளியவனுக்கு எந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்று தெரியும்.

செப்டம்பர் 8, திங்கள்

பெட்டியைக் கழற்றித் தூசு தட்டினேன். ஒரு பல்லி முட்டை, நித்திலா படிக்கிற காலத்தில் தொலைத்த ஒரு ஹேர்பின். மாட்டிப் பார்த்தேன். அதே கதைதான். பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்திருக்கிறேன். சூடு குறைந்தால் வேகம் கூடும் என்பது என் அனுபவம், டிரான்ஸ்ஃபார்மரில்.

செப்டம்பர் 10, புதன்

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் கம்ப்யூட்டரே சொல்கிறது: இந்தக் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் உள்ளன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவும். அதன் கீழே இரண்டு பொத்தான்கள். 'நீக்கு.' 'பிறகு நினைவூட்டு.' நான் தினமும் 'பிறகு நினைவூட்டு' கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கணக்குப்படி மூன்று இருக்கின்றன. ஒன்று, வாங்கும்போதே கடைக்காரர் போட்டுக் கொடுத்தது. இரண்டாவது, போன தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளை போட்டது. மாப்பிள்ளை பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறார். வந்து உட்கார்ந்தார், காபி குடித்தார், விட்டத்தைப் பார்த்தார், "மாமா, கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் இருக்குதுங்களா?" என்றார். கல்யாணமாகி அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "இல்லீங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் போட்டது இருக்கிறது என்று சொல்லி, ஆசையாகக் கேட்ட மனுஷனின் வாயை அடைக்க முடியுமா?

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பார். "ஆன்டிவைரஸ் எப்படிங்க மாமா இருக்குது?" "ரொம்ப நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை." "சரிங்க மாமா." "அத்தைகிட்டக் குடுக்கறனுங்க." எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. எத்தனை வீட்டில் மாப்பிள்ளைமார் மாமனாரிடம் இந்த அளவுக்குப் பேசுகிறார்கள்?

அதை எடுத்துவிட்டால் அடுத்த ஞாயிறு நான் என்ன பதில் சொல்வது?

செப்டம்பர் 13, சனி

சம்பந்தி வையாபுரி போன் செய்தார். மாப்பிள்ளையின் அப்பா. மூன்றாவது ஆன்டிவைரஸ் அவர் உபயம்.

சித்திரையில் குலதெய்வம் கோயிலுக்கு வந்தவர் வீட்டுக்கும் வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மகன் போட்டதைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இது சும்மா படம் காட்டற சாமானுங்க சம்பந்தி. எங்கிட்ட ஒரிஜினல் இருக்குது" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "பையன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. மனசு விட்டுப்போயிருவான்" என்றார்.

மகன் போட்டு அப்பனுக்குப் பிடிக்காததையும், மகனுக்குத் தெரியாமல் அப்பன் போட்டதையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன். ஆயுசு முழுக்க லைன்மேன்களையும் இன்ஜினியர்களையும் சண்டை வராமல் பார்த்துக்கொண்டது இதற்கான பயிற்சிதான் போலிருக்கிறது.

சம்பந்தியுடைய ஆன்டிவைரஸின் சின்னம், திரையின் அடியில் வலது மூலையில் சிவப்பாக நிற்கும். மாப்பிள்ளை கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அந்த இடத்தில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஆடியில் வந்தபோது மாப்பிள்ளை அதைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையார் புண்ணியத்தில் தப்பித்தேன். அவர் வருகிற நாளில் விடியும்போதே கம்ப்யூட்டரைப் போட்டு வைத்துவிடுவேன், மெதுவாகத் திறப்பது தெரியாது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்தால் நாட்டுக்கோழிக் குழம்பு ஆறுகிறது என்று எழுப்பிவிடுவேன்.

இன்றைய போன் எதற்கென்றால், "மாசம் ஒருக்கா ஃபுல் ஸ்கேன் பண்ணிப்போடுங்க சம்பந்தி" என்று சொல்வதற்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

பண்ணினேன். ஒருத்தருடையதை மட்டும் செய்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும் என்று இரண்டையும் ஒன்றாக ஓட விட்டேன்.

பெட்டிக்குள் லாரி மேடேறுகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையுடையது சம்பந்தியுடையதைச் சந்தேகத்துக்குரியது என்றது. சம்பந்தியுடையது மாப்பிள்ளையுடையதை ஆபத்தானது என்றது. அப்பனும் மகனும் நேரில் சொல்லிக்கொள்ளாததை எல்லாம் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் இரண்டும் சமாதானமாகி, வசந்தாமணி விஜயதசமி வகுப்புக்காகத் தயார் செய்து வைத்திருந்த பாடத்தைப் பிடித்துத் தனிமைச் சிறையில் போட்டன.

"ஏனுங்க, என்ற பாடம் எங்கீங்க?"

"சந்தேகத்தின் பேரில் பிடிச்சு வச்சிருக்குது."

"அணிலும் ஆடும் வரைஞ்சு வச்சிருந்தேன். அதுல என்ன சந்தேகம்?"

பிரிண்டரில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த தாள்களைப் பார்த்து அவள் முதலிலிருந்து மறுபடி அடிக்க உட்கார்ந்தாள். இந்த வீட்டில் ஒரு நாளும் மக்கர் பண்ணாத சாமான் அந்தப் பிரிண்டர் ஒன்றுதான். அதற்கு யாரும் எந்தப் பாதுகாப்பும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை போன். "ஆன்டிவைரஸ் எப்படிங்க மாமா?" "அருமையா வேலை செய்யுதுங்க மாப்பிள்ளை. இன்னைக்குக்கூட ஒண்ணைப் புடிச்சிருச்சு." அவர் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. கறி கிடையாது. வசந்தாமணியிடம் பேச்சும் கிடையாது.

செப்டம்பர் 20, சனி

போனில் வகுப்பெடுத்துப் பழகிப் பார்த்தாள். அந்தச் சின்னத் திரையில் பிள்ளைகளின் வாய் தெரியாதாம். "நாக்கு எங்க போகுதுன்னு பாக்காம 'ழ' சொல்லித்தர முடியாதுங்க" என்கிறாள். அப்புறம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அந்த ரெண்டுல ஒண்ணை எடுத்துப்போடுங்க. ஒண்ணே ஒண்ணு."

"எதை எடுக்கறது? மாப்பிள்ளை குடுத்ததையா? சம்பந்தி குடுத்ததையா?"

"எதையோ ஒண்ணு. அவிங்க வந்து எண்ணிப் பாக்கப் போறாங்களா?"

"வந்து பாத்தா?"

"பாத்தா என்ன, கேப்பாரா?"

"கேக்க மாட்டாரு. மனசுல வச்சுக்குவாரு. அதுதான் பயமே. நம்ம புள்ளை அந்த வீட்டுல வாழறா."

வசந்தாமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுப் பாடம் செய்யாத பையன் சொல்லும் காரணத்தைக் கேட்கிற டீச்சர் பார்வை. "நான் நித்திலாகிட்டப் பேசிக்கறேன்" என்றாள். மகள் காதில் விழுவதும் மாப்பிள்ளை காதில் விழுவதும் ஒன்றுதான், மூச்சு விடக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அதிகமாகவே போட்டுவிட்டேன்.

அவள் எழுந்து போகும்போது சொன்னது: "ரிட்டயர் ஆனதிலிருந்து என்னை யாரும் டீச்சர்னு கூப்புடலீங்க. அன்னைக்கு அந்தப் புள்ளைக சிரிச்சாலும், டீச்சர்னு சொல்லித்தான் சிரிச்சாங்க."

செப்டம்பர் 24, புதன்

ஒரு முடிவு எடுத்தேன். கடைக்காரர் போட்ட ஆன்டிவைரஸை நீக்கிவிட்டேன். அவருக்கும் நமக்கும் சம்பந்தம் கிடையாது, மனம் வருத்தப்பட யாருமில்லை என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் அந்த மனுஷனையே பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா சார்" என்று வாய் நிறையச் சிரித்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தேவையில்லாத ஒரு பஸ்ஸில் ஏறி, பெருந்துறை ரோட்டில் இறங்கித் திரும்ப நடந்து வந்தேன்.

கம்ப்யூட்டரில் முன்னேற்றம் உண்டு. இப்போது கண்ணீர் அஞ்சலிக்கு முந்தின பக்கத்திலேயே திறந்துவிடுகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வசந்தாமணி பிரவுசிங் சென்டரில் இடம் சொல்லி வைத்துவிட்டாள். விஜயதசமியன்று அங்கே போய் வகுப்பெடுக்கப் போகிறாளாம். ஆதார் திருத்த வருகிறவர்களும் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களும் சுற்றி நிற்க, நடுவில் உட்கார்ந்து இவள் "ழ" சொல்லப் போகிறாள்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கறப்ப ஊரு என்ன சொல்லும்?"

"கம்ப்யூட்டரா இருக்குது? உங்க மரியாதை இருக்குது. அது சொகமா இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கீரையை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அது குத்தியது.

மாப்பிள்ளை போன். ஆயுத பூஜைக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். "ஆன்டிவைரஸையும் ஒருக்காப் பாத்துடறனுங்க மாமா." பிள்ளையார் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்தது. பசை வைத்து அழுத்தினேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்கூட்டர், மிக்சி, பிரிண்டர், கம்ப்யூட்டர். வசந்தாமணி தன் பாடத் தாள்களைச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை போடும்வரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே மாப்பிள்ளை இன்று கம்ப்யூட்டரைத் திறக்க முடியாது, ஒரு கண்டம் தப்பியது என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன்.

சாமி கும்பிட்டு, பொரி கடலை சாப்பிட்டு, மாப்பிள்ளையும் நானும் முன்னறையில் உட்கார்ந்தோம். புரட்டாசியானதால் கோழி எப்படி இருந்தது என்று கேட்க வழியில்லை. கம்ப்யூட்டர் பூஜையில் இருப்பதால் ஆன்டிவைரஸ் எப்படி இருக்கிறது என்று கேட்கவும் வழியில்லை. அவர் விட்டத்தைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "பெங்களூர்ல மழைங்களா?" என்றேன். "இல்லீங்க மாமா." அதோடு அதுவும் முடிந்தது.

அப்போது வசந்தாமணி வந்தாள். காபி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்குது. நீங்க போட்ட ஆன்டிவைரஸும், உங்க அப்பா போட்ட ஆன்டிவைரஸும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு கம்ப்யூட்டரை நகரவே விடறதில்லை. எடுத்துடட்டுங்களா?"

எனக்குக் காதுக்குள் ஒரு லைன் அறுந்து விழுந்த சத்தம் கேட்டது.

"எங்கப்பாவா? அவரு எப்பப் போட்டாரு?"

வசந்தாமணி நேராகக் கம்ப்யூட்டரிடம் போய், சந்தனத்தில் நனைந்து ஏற்கெனவே பாதி உரிந்திருந்த பிள்ளையாரை மெல்ல எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தின் பக்கத்தில் ஒட்டினாள். "இதுக்குப் பொறத்தாலதானுங்க இருக்குது, உங்க அப்பா போட்டது" என்றாள். நித்திலா வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

மாப்பிள்ளை அப்பாவுக்குப் போன் போட்டார். நான் கும்பிடாத சாமி இல்லை. அந்தப் பக்கம் சம்பந்தி சொன்னது எங்களுக்கும் கேட்டது: "அதுவாடா? அது ஆடியிலயே காலாவதி ஆயிருச்சே. சம்பந்தி பிரியமா வச்சிருக்காரேன்னு அதைச் சொல்லாம, ஸ்கேன் பண்ணுங்கன்னு சொல்லிட்டு இருந்தேன்."

மாப்பிள்ளை போனை வைத்தார். "என்னோடதையும் எடுத்துடலாமுங்க அத்தை. என்ற லேப்டாப்புலயே அது இல்லீங்க. ஆபீஸ்ல சும்மா குடுத்தாங்க. அது ரொம்ப இழுக்கும்னு நான் அப்பவே எடுத்துட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். இத்தனை மாசமாக ஒருத்தர் மனம் கோணாமல் இருக்க நான் பட்ட பாடு! மரியாதையை விட்டுவிடாமல்தான் கேட்டேன். "அப்புறம் ஏனுங்க மாப்பிள்ளை வாராவாரம் அதைப் பத்தியே கேட்டீங்க?"

மாப்பிள்ளை டம்ளருக்குள் பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"வேற என்ன பேசறதுன்னு தெரியலீங்க மாமா. நித்திலா, அப்பாகிட்டப் பேசு, பேசுன்னு சொல்லிட்டே இருப்பா. எனக்கும் பேசோணும்னு ஆசைதான். நீங்க பெரிய உத்தியோகத்துல இருந்தவங்க. எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. அதைக் கேட்டா மட்டும் நீங்க சந்தோசமா பதில் சொல்லுவீங்க."

நான் எழுந்து வெளியே போனேன். ஸ்கூட்டர் சக்கரத்தின் கீழே வைத்த எலுமிச்சம்பழம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அது நகரவில்லை.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

மறுபூஜை முடிந்ததும் மாப்பிள்ளை உட்கார்ந்து இரண்டையும் நீக்கினார். சம்பந்தியுடையது உடனே போய்விட்டது. மாப்பிள்ளையுடையது லேசில் போகவில்லை. நிச்சயமாகவா என்று கேட்டது. உண்மையாகவே நிச்சயமாகவா என்று கேட்டது. எங்களை விட்டுப் போகக் காரணம் என்ன என்று கேட்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். "குடும்பக் காரணம்னு போடுங்க" என்றேன். அவர் சிரித்தார். எனக்குத் தெரிந்து என் எதிரில் அவர் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. விண்டோஸிலேயே ஒரு காவல் கூடவே வருகிறதாம், நமக்கு அதுவே போதுமாம். அவ்வளவு நாளும் அது ஒரு மூலையில் கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். நான் காபி எடுத்து வரத் திரும்புவதற்குள் திறந்துவிட்டது. தலைப்பாகையும் முகமும் ஒன்றாகவே வந்தன.

பிரவுசிங் சென்டருக்கு வரவில்லை என்று சொல்லியாயிற்று. வசந்தாமணி அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தும் முன்னால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மூச்சு விடக் கூடாது" என்றாள். நானும் மாப்பிள்ளையும் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வகுப்பு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் இரண்டு பேருக்கும் ரொம்ப நிம்மதியாக இருந்தது.

உள்ளே அவள் குரல் கேட்டது. நான் வீட்டில் கேட்கிற குரல் இல்லை அது. "பழம் சொல்லுங்க. பளம் இல்ல கண்ணு, பழம். நாக்கைக் காட்டு. ஆ, அங்கதான், அங்கயே வையி." ஒரு சின்னக் குரல் சரியாகச் சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை தன்னையறியாமல் நாக்கை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வகுப்பு எடுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு நின்றபடியே அழுதாள். மாப்பிள்ளை எழுந்து, "வாழ்த்துகள் டீச்சர்" என்றார். 'ழ' சரியாக வந்தது. அப்படிக் கூப்பிட எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று இருந்தது. அதனால் இலை போட்டு, இன்றைக்கு நானே பரிமாறினேன்.

அக்டோபர் 6, திங்கள்

கம்ப்யூட்டர் சொடக்குப் போடுவதற்குள் திறக்கிறது. பேப்பர் முழுசாகப் படிக்க முடிவதில்லை. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

நேற்று ஞாயிறு. மாப்பிள்ளை போன் செய்யவில்லை. நித்திலாதான் பேசினாள். "அவரு இங்கதான் இருக்காருப்பா. ஏதோ வேலையா இருக்காரு" என்றாள். வேலை இருக்கும்தான். பெரிய கம்பெனி.

நேற்றைக்கு நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக வசந்தாமணி சொல்கிறாள். அப்படியொன்றும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் வசந்தாமணி இந்த வாரத்துப் பாடங்களைப் பிரிண்ட் எடுத்தாள். ஒரு கட்டுத் தாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை, கோணவில்லை. மை ஈஷவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

அந்தப் பக்கம் சத்தமில்லை. இந்தப் பக்கமும் இல்லை. பெங்களூரில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்டது. நித்திலா மெல்லிய குரலில் அவரிடம் ஏதோ சொன்னதும் கேட்டது.

"பிரிண்டர்... பிரிண்டர் எப்படிங்க மாமா இருக்குது?"

திரும்பிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டோடு அது ஜோராக உட்கார்ந்திருந்தது. காலையில் அடித்த தாள்களை வசந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதையேன் கேக்கறீங்க மாப்பிள்ளை," என்றேன். "அப்பப்ப பேப்பர் சிக்கிக்குதுங்க."

"அப்படிங்களா! அடுத்த வாரம் நேர்லயே வந்து பாத்துடறனுங்க மாமா."

"வாங்க. வந்தா ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகோணும்."

வசந்தாமணி தாள்களை மேஜைமேல் வைத்தாள். எழுந்து போய் பிரிண்டரின் மூடியைத் திறந்து, அதற்குள் ஒரு தாளை நன்றாகக் கசக்கி வைத்து மூடினாள்.